எழுபது வார்டுக்கும் ஊர்ப் பெயர் உண்டு: தாம்பரம் மாநகராட்சி மன்றத்துக்கு ஒரு பழைய தபால்காரரின் மடல்

வணக்கத்துக்குரிய மேயர் அவர்களுக்கும், துணை மேயர் அவர்களுக்கும், 70 வார்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். முன்பாதி குரோம்பேட்டை, நாகல்கேணி, திருநீர்மலைப் பக்கம். பின்பாதி சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம். குடியிருப்பு செம்பாக்கத்தில். இந்த மடலில் பட்டாவோ பென்ஷனோ குப்பை வண்டியோ கேட்கப்போவதில்லை. நான் கேட்பது பலகை. நீல பெயின்ட் அடித்து வெள்ளை எழுத்து எழுதிய சாதாரணப் பலகைதான். அதில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லத்தான் இத்தனை நீளம்.

கொஞ்ச நாள் முன்னால் ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கப் போயிருந்தேன். முகவரியைப் படித்துக்கொண்டே வந்த கவுன்ட்டர் தம்பி, "ஊர் பேரெல்லாம் எதுக்கு பெரியவரே, வார்டு நம்பர் சொல்லுங்க" என்றார். சட்டென்று நினைவுக்கு வரவில்லை. "இத்தன வருஷமா இங்கதான் இருக்கேங்கறீங்க, வார்டு தெரியலையே!" என்றதும் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஊர் முழுக்கத் தெருத் தெருவாகச் சைக்கிள் மிதித்தவனுக்கு இப்படி ஒரு கேள்வி.

எண்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பின்கோடை வைத்துச் சோறு தின்றவன் நான். கடைசி இரண்டு எண்ணில் சொன்னால், 43 பல்லாவரம், 44 குரோம்பேட்டை, 45 மேற்குத் தாம்பரம், 47 சானடோரியம், 59 கிழக்குத் தாம்பரம், 64 சிட்லபாக்கம், 70 அனகாபுத்தூர், 73 சேலையூர், 75 பம்மல். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் எண் கடிதத்தைத் தபால் நிலையம் வரைதான் கொண்டுவந்து சேர்க்கும். அங்கிருந்து வாசற்படிக்குப் போக, பெயர் தெரிந்த ஆள் வேண்டும். "கலங்கல் ஓரம், வேப்பமரத்து வீடு" என்று மட்டும் எழுதி வந்த மணியார்டரைக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குக் கலங்கல், அதாவது ஏரி நிரம்பினால் வழிகிற இடம், எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும்.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை என்ற ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகி மாநகராட்சி ஆனது. அடுத்த பிப்ரவரியில் முதல் தேர்தல், ஐந்து மண்டலம், 70 வார்டு. நல்ல காரியம்தான். அதற்கு முன்னால் ஒரே கால்வாய் மூன்று உள்ளாட்சியைத் தாண்டிப் போகும். அடைத்துக்கொண்டால் மூன்று பேரும் அடுத்தவனைக் கை காட்டுவார்கள். ஒன்றானதில் வந்த சங்கடம் ஒன்றே ஒன்று. பத்து ஊர் சேர்ந்த இடத்தை வெளியிலிருந்து பார்க்கிறவன் ஒரே தாம்பரம் என்று நினைத்துக்கொள்கிறான். உள்ளேயே பிறந்த பிள்ளைகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

தாம்பரமே ஒரே ஊராக இருந்ததில்லை. 1964-இல் அது நகராட்சி ஆனபோது கடப்பேரி, புலிக்கொரடு, இரும்புலியூர், சேலையூர் எல்லாம் அதற்குள் வந்தன. புலிக்கொரட்டின் பெயரில் புலி இருக்கிறது, கடப்பேரியைச் சொல்லும்போதே ஏரி வாயில் வந்துவிடுகிறது. பெருங்களத்தூரில் களம் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முதல் நாள் ராத்திரி சென்னை மொத்தமும் வந்து நின்று ஹாரன் அடித்த அந்த இடம், பெயர்படி பார்த்தால் நெல் அடித்த இடம். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு கூட்டம் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது. களம் இருந்தால் வயல் இருந்திருக்க வேண்டும். வயல் இருந்தால் ஏரி. நம்முடைய மாநகராட்சியின் வரலாறு முழுக்க இந்த மூன்று வார்த்தைக்குள் இருக்கிறது என்பது என் எண்ணம். படித்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

அவர்கள் பல்லாவரத்திலிருந்து தொடங்குவார்கள். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரம் கன்டோன்மென்ட் பக்கத்துச் சரளைக் குழியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எடுத்தார். மனிதன் கையால் செதுக்கிய கோடரி. இந்தியாவின் கற்காலத்தைப் பற்றிப் பேசுகிற யாரும் அந்தச் சரளைக் குழியைத் தாண்டிப் போக முடியாது. அங்கேயே மலையில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. அவன் பட்டப்பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். இன்று அது தர்கா. கடிதம் கொடுக்கப் போனால் உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். பல்லவன் தூணில் சாய்ந்து தண்ணீர் குடித்த தபால்காரர்கள் நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்? பல்லாவரத்தில் இன்னொரு வேடிக்கை, கன்டோன்மென்ட் பகுதி இன்றும் தனி நிர்வாகம். சாலையைக் கடந்தால் ஆட்சி மாறும், பின்கோடு மாறாது.

குரோம்பேட்டை என்ற பெயருக்குச் சாமியும் இல்லை, ராஜாவும் இல்லை. சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் நடத்திய குரோம் லெதர் தொழிற்சாலைதான் அந்தப் பெயர். தோல் பதனிட குரோமிய உப்பைப் பயன்படுத்துவது அப்போது புதுமுறை. அந்த ரசாயனத்தின் பெயரையே ஓர் ஊருக்கு வைத்து, ரயில் நிலையத்தில் மூன்று மொழியில் எழுதியும் வைத்தாகிவிட்டது. பம்மல், நாகல்கேணி வரை தோல் தொழில் பரவியது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாகல்கேணி முனையிலேயே மூக்கு சொல்லிவிடும் எந்த பீட்டில், அதாவது எந்தத் தபால் சுற்றில், இருக்கிறேன் என்று. அந்தப் பகுதிக் கிணறுகளில் வாளி இறக்கினால் தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும். தொழில் ஆயிரம் குடும்பத்துக்குச் சோறு போட்டது, அதே குடும்பங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குக் காத்திருந்தன. இரண்டையும் பார்த்தவன் என்பதால் ஒரு பக்கமாகப் பேச எனக்கு வரவில்லை.

அதே குரோம்பேட்டையில்தான் சி. ராஜம் தன் வீட்டையே விற்று 1949-இல் மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரியைத் தொடங்கினார். அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தது அங்கே. இது எல்லோருக்கும் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன்.

சானடோரியத்தை அப்படி விட முடியவில்லை. இங்கிலாந்தில் காசநோய்க்காரர்களுக்கு மருத்துவமனை நடத்திய டாக்டர் சௌரி முத்து, 1928-இல் இங்கே வந்து ஒன்றைத் தொடங்கினார். காசத்துக்கு அன்றைக்கு மாத்திரை கிடையாது. நல்ல காற்று, வெயில், சாப்பாடு, ஓய்வு, அவ்வளவுதான் வைத்தியம். மலை, மரம், ஏரிக்காற்று என்று எல்லாம் இருந்ததால் தாம்பரம் தோதுப்பட்டது. 1937-இல் அரசு ஏற்றுக்கொண்டது. மருத்துவமனையின் பெயரே ரயில் நிலையத்தின் பெயராகி, பிறகு ஊரின் பெயரானது. "எங்க இருக்கீங்க?" "சானடோரியம்." வெளியூர்க்காரன் கேட்டால் பயந்துபோவான்.

அந்த பீட்டில் சில மாதம் வேறொருவருக்குப் பதிலாகப் போயிருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசி. 1993-இலிருந்து அங்கே எச்.ஐ.வி. நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள், மற்ற இடங்களில் கட்டில் கொடுக்கவே யோசித்த காலம் அது. வார்டுக்குள் வரும் உறைகளில் அனுப்புநர் முகவரி இருக்காது. ஊர் முத்திரையைத் தேய்த்துப் பார்த்துத்தான் விழுப்புரம், நாமக்கல் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் கடிதத்தை வாங்கிப் பிரிக்காமலே தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "முத்திரைய மட்டும் படிங்க" என்றார். படித்தேன். "ம், ஊர்ல இருந்துதான்" என்று கண்ணை மூடிக்கொண்டார். ஊர்ப் பெயர் ஒரு மனிதனுக்கு என்ன செய்யும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

புறநகர் என்ற சொல்லே இங்கே ரயிலோடு வந்தது. 1931 மே மாதம் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது, மீட்டர் கேஜில். பல தலைமுறை அந்த வண்டியில் தொங்கிக்கொண்டே அலுவலகம் போய்வந்து வீடு கட்டியது. 2004-இல் அந்தக் குட்டி வண்டி நின்றபோது கடைசி ஓட்டத்தைப் பார்க்க ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரி 1937-இல் நகரத்து நெரிசலை விட்டு சேலையூர்க் காட்டுக்குள் குடிவந்ததும், விமானப் படைத்தளம் அமைந்ததும், 1984-இல் ஏற்றுமதி மண்டலம் வந்ததும் இந்தத் தண்டவாளத்தை ஒட்டித்தான். வேலைக்கும் படிப்புக்கும் வருகிறவன் வீடு தேடுவான். வயல் பிளாட் ஆகும். பிளாட்டுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம் என்பதால் ஏரியை யாரும் பார்க்க மாட்டார்கள். மதகைத் திறந்து மூடிய நீர்க்கட்டியின் மகன் என் பீட்டில் ஆட்டோ ஓட்டினார். அப்பாவின் மதகுச் சாவியை வீட்டில் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். பூட்டு எங்கே என்று கேட்டால், "அது மேல ரோடு போட்டுட்டாங்க சார்" என்பார்.

பல்லாவரம் பெரிய ஏரியை 200 அடிச் சாலை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. தினமும் அதில் போகிற எத்தனை பேருக்கு ஏரிக்குள் போகிறோம் என்று தெரியும்?

இங்கே திருநீர்மலையைச் சொல்லியாக வேண்டும். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு கோலத்தில் பெருமாள். திருமங்கையாழ்வார் சேவிக்க வந்தபோது மலையைச் சுற்றிக் கடல் மாதிரி வெள்ளம் நின்றதாம். தண்ணீர் வடிய ஆறு மாதம் எதிர்க்கரையில் தங்கியிருந்து பிறகு பாடினாராம். நீர் சூழ்ந்த மலை, அதனால் நீர்மலை. கதை என்று தள்ளிவிடுகிறவர்கள் மழைக்காலத்தில் மலை ஏறி மேலேயிருந்து பார்க்கட்டும். அடையாறும் ஏரிகளும் பளபளவென்று நாலா பக்கமும் தெரியும். ஊரின் பெயரிலேயே எச்சரிக்கை எழுதி வைத்த முன்னோர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆழ்வாரே தண்ணீருக்காக ஆறு மாதம் காத்திருந்தார். நாம் காத்திருக்காமல் வடிகால் மேலேயே வீடு கட்டினோம். நாம் என்று சொல்வது மரியாதைக்காக அல்ல. 1994-இல் செம்பாக்கத்தில் நான் வாங்கிய மனையின் தாய்ப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதியிருக்கும் இடத்தில் "வடக்கே கலங்கல் வாய்க்கால்" என்று தெளிவாக இருந்தது. தபால்காரன், படிக்கத் தெரியாதவனா? படித்தேன். பக்கத்து மனையைவிட சதுர அடிக்குக் கொஞ்சம் மலிவு. வாய்க்காலில் எருக்கஞ்செடி முளைத்துக் கிடந்தது, தண்ணீரே இல்லை. நகருக்கு "லேக் வியூ" என்று பெயர் வைத்திருந்தார்கள். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. ஏரியே எங்களை வியூ பார்க்க வந்துவிட்டது. விடியற்காலை கட்டிலுக்கு அடியிலிருந்து செருப்பு மிதந்து வெளியே போவதைப் பார்த்து என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் பத்திரத்தின் நான்கெல்லையும் இருந்தது. முடிச்சூர்ப் பக்கம் மொட்டை மாடியில் நின்றவர்களைப் படகில் இறக்கினார்கள், அவர்களோடு பார்த்தால் எங்களுக்கு நடந்தது ஒன்றுமேயில்லை.

அதற்குப் பிறகுதான் தண்ணீர் போகும் பாதையை நடந்து பார்த்தேன். சேலையூர் ஏரி நிரம்பினால் ராஜகீழ்ப்பாக்கம், அதிலிருந்து செம்பாக்கம். சிட்லபாக்கத்து உபரியும் செம்பாக்கத்துக்கே வருகிறது. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு. பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காட்டில் கடல். ஜி.எஸ்.டி. சாலைக்கு மேற்கே பெருங்களத்தூர், முடிச்சூர்ப் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றுக்குப் போகும். ஒரு ஏரியின் கலங்கல் அடுத்த ஏரியின் வாய். நாங்கள் தபால் பையை ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்குக் கட்டி அனுப்புகிற மாதிரி, ஊருக்கு ஊர் தண்ணீரைக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். நடுவில் ஒரு நிலையத்தை மூடிவிட்டால் பை எங்கே போகும்?

இந்தச் சங்கிலியில் நன்மங்கலம் 2021 இணைப்பில் சேரவில்லை, பள்ளிக்கரணை சென்னை மாநகராட்சி. மற்றபடி மேல்பகுதி மொத்தமும் முதல்முறையாக உங்கள் ஒரே மன்றத்தின் கையில் இருக்கிறது. ஏரி நீர்வளத் துறையுடையது என்று பதில் வரும் என்று தெரியும். இருக்கட்டும். பலகை வைக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது.

நான் கேட்பது இதுதான். வார்டுப் பலகையில் எண்ணுக்கு மேலே, எண்ணைவிடப் பெரிதாக, அந்த இடத்தின் பழைய ஊர்ப் பெயரை எழுதுங்கள். புலிக்கொரடு, கடப்பேரி, இரும்புலியூர், நாகல்கேணி என்று. ஒவ்வொரு ஏரியின் கலங்கலிலும் ஒரு பலகை: இதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நிரம்பினால் எங்கே போகிறது. உபரிக் கால்வாய் தெருவுக்கு அடியில் போகிற ஒவ்வொரு இடத்திலும் சின்னதாக ஒன்று. திறப்பு விழா, பெயர்ப் பட்டியல், யார் முயற்சியில் என்ற வரி எதுவும் வேண்டாம். அதற்கே பாதிப் பலகை போய்விடும்.

மனை விலை குறையும் என்று சண்டைக்கு வருவார்கள். என் தெருவிலேயே வருவார்கள், என் மருமகனே வருவார். வரட்டும். 2019 வறட்சியில் சிட்லபாக்கத்தில் மக்களே மண்வெட்டியோடு ஏரிக்குள் இறங்கினார்களே, அவர்களுக்கு ஏரியின் பெயர் தெரிந்திருந்தது, அதனால் இறங்கினார்கள். 2025 மே மாதம் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை ஆக்கிரமிப்பு என்று வீடுகளை இடித்தார்கள். வாழைநாரில் சேலை நெய்கிற ஊர் அது. ஒருகாலத்தில் நைஜீரியாவுக்கு மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நெய்து அனுப்பிய ஊர். தலைமுறையாக இருந்தவர்களுக்கு இது ஆற்றுப் புறம்போக்கு என்று புல்டோசர் வந்துதான் சொன்னது. முப்பது வருடம் முன்னால் அங்கே ஒரு பலகை நின்றிருந்தால் சிலராவது வேறிடம் பார்த்திருப்பார்கள். பலகை ஏழைக்கு மட்டும் என்று இல்லாமல், நீர்வழியில் நிற்கிற பெரிய கட்டடங்களின் வாசலிலும் அதே நீலத்தில், அதே அளவில் நிற்க வேண்டும். இல்லையென்றால் இந்த மடலையே கிழித்துப் போட்டுவிடுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், என் வீட்டிலிருந்து தொடங்குங்கள். காம்பவுண்டில் கேட்டை ஒட்டிய தூண் வேண்டாம், கறிவேப்பிலை மறைக்கும். வடக்குப் பக்கச் சுவர் தோது. எழுத வேண்டியது: "செம்பாக்கம் ஏரி கலங்கல் வாய்க்கால். அடுத்து: நன்மங்கலம் ஏரி." 2015 தண்ணீர் நின்ற கறை இன்னும் அந்தச் சுவரில் இருக்கிறது, நான் வெள்ளையடிக்கவில்லை. வருகிற ஆளிடம் கறைக்கு ஒரு சாண் மேலே ஆணி அடிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செம்பாக்கத்திலிருந்து
ஓய்வு பெற்ற ஒரு தபால்காரன்